ஒரு காது மட்டும் மந்தமா? செவி நரம்புக் கட்டியும் கதிர்வீச்சு சிகிச்சையும்

மஸ்ஜித் இந்தியா சாலையில் நல்ல காது உள்ளவருக்கே எதிரில் நிற்பவர் பேசுவது பாதிதான் விழும். துணிக்கடை வாசலில் ஒலிபெருக்கி, எதிர்க்கடையில் பாட்டு, நடைபாதையில் கூவி விற்கும் குரல்கள். சனிக்கிழமை மாலையானால் லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மான் இரவுச் சந்தையின் இரைச்சல் வேறு. அங்கே பத்து, பதினைந்து ஆண்டு நின்று வியாபாரம் பார்த்தவர் "இடது காது கொஞ்சம் மந்தம்" என்று சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அவரும் கைப்பேசியை வலது காதுக்கு மாற்றிக்கொண்டு வேலையைப் பார்க்கிறார்.

தோட்டத்திலும் இதே கதைதான். செம்பனை ஆலையில் வேலை செய்தவர், புல் வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டி நடந்தவர், லாரி ஓட்டியவர் என எல்லாருக்கும் காது மந்தத்துக்கு ஒரு காரணம் கையில் தயாராக இருக்கிறது. தலை சுற்றினால் பித்தம். காதில் 'ஙொய்' என்று சத்தம் கேட்டால் வயது. வெதுவெதுப்பான நல்லெண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் சரியாகிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

சத்தம் காதைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் ஆலைச் சத்தமும் சந்தைச் சத்தமும் பெரும்பாலும் இரண்டு காதையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கெடுக்கும். முதுமையும் அப்படித்தான். ஒரு காது நன்றாக இருக்க, மற்றொன்று மட்டும் மாதத்துக்கு மாதம் மங்கிக்கொண்டே போனால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். பெரும்பாலும் அது அழுக்கு, சீழ், செவிப்பறைக் கோளாறு என்று முடிந்துவிடும். எப்போதாவது ஒருவருக்கு, காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் வளரும் ஒரு கட்டியாக இருக்கும். அந்தக் கட்டியைப் பற்றியும், அதற்குக் கொடுக்கப்படும் கதிர்வீச்சு சிகிச்சையைப் பற்றியும் நம்மிடையே தெளிவைவிடப் பயமே அதிகம்.

புற்றுநோய் அல்ல

மருத்துவர்கள் இதை 'அக்கூஸ்டிக் நியூரோமா' என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். இப்போது 'வெஸ்டிபுலர் ஷ்வானோமா' என்கிறார்கள். பழைய பெயரில் இரண்டு தவறு. கேட்கும் நரம்பில் அது தோன்றுவதில்லை, அதன் கூடவே ஓடும் சமநிலை நரம்பில் தோன்றுகிறது. வளர்வது நரம்பு இழையும் அல்ல, அந்த இழையைச் சுற்றி உறைபோல் மூடியிருக்கும் ஷ்வான் செல்கள். இந்தச் செல்களுக்கு 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் தியோடர் ஷ்வானின் பெயர்.

கட்டி இருக்கும் இடம்தான் சிக்கல். உட்காதிலிருந்து மூளைக்குப் போகும் வழியில் எலும்பால் ஆன ஒரு குறுகிய குழாய் உண்டு. கேட்கும் நரம்பு, சமநிலை நரம்புகள், முகத் தசைகளை அசைக்கும் நரம்பு எல்லாம் அந்தக் குழாய்க்குள் நெருக்கியடித்துப் போகின்றன. அங்கே பட்டாணி அளவில் ஒன்று வளர்ந்தாலே முதலில் நசுங்குவது கேட்கும் நரம்பு. வளர வளரக் கட்டி குழாயைவிட்டு வெளியே வந்து மூளைத்தண்டின் பக்கம் நகரும். மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்தும் பகுதி அது. எனவே புற்றுநோய் இல்லை என்பதற்காகக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடவும் முடியாது.

புற்றுநோய் இல்லை என்றால் என்ன பொருள்? இது நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவாது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளர்வதே வழக்கம். பல ஆண்டுகள் வளராமலே கிடப்பவையும் நிறைய. பொதுவாக 40 வயதுக்கு மேல், 60 வயதையொட்டிய காலத்தில்தான் தெரியவரும். உலகக் கணக்கில் ஆண்டுக்கு 1 லட்சம் பேரில் 1 அல்லது 2 பேருக்குப் புதிதாகக் கண்டறியப்படுகிறது. அதே விகிதம் இங்கும் இருந்தால் மலேசியாவில் ஆண்டுக்குச் சில நூறு பேர். பரம்பரையாக வரும் ஒரு வகையும் உண்டு. அதில் இரண்டு காதிலும் கட்டி வரும், இளம் வயதிலேயே தெரியும், குடும்பத்தினருக்கும் பரிசோதனை தேவைப்படும். அது மொத்தத்தில் 20 பேரில் 1 பேர் அளவுக்குத்தான்.

காது மந்தமும் இரைச்சலும்தான் முதல் அடையாளம். கூடவே ஒரு நுணுக்கமும் உண்டு. சத்தம் கேட்கும், சொல் புரியாது. கைப்பேசியை அந்தக் காதில் வைத்தால் யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடாது. சிலருக்கு நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வதுபோல் இருக்கும். கட்டி பெரிதானால் கன்னத்தில் மரத்துப்போன உணர்வு வரலாம்.

ஆலை, தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் இரைச்சல் விதிமுறைகள், நாளொன்றுக்கு 85 டெசிபலுக்கு மேல் இரைச்சலில் வேலை செய்பவர்களுக்குக் கேட்புத்திறன் பரிசோதனை செய்ய வேண்டும் என்கின்றன. அந்தப் பரிசோதனைத் தாளில் வலது காதுக்கு ஒரு கோடும் இடது காதுக்கு ஒரு கோடும் இருக்கும். பலர் கையெழுத்துப் போட்டுவிட்டு அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு கோடும் சேர்ந்து இறங்கினால் சத்தத்தின் வேலை என்று நினைக்க இடமுண்டு. ஒன்று மட்டும் தனியாகச் சரிந்திருந்தால், அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகலாம். சொக்சோவில் இரைச்சல் பாதிப்புக்கு மனு செய்வது வேறு விஷயம். அதற்காக அலைவதில் இந்தக் கேள்வி மறந்துபோகக் கூடாது.

இன்னொன்று: முந்தின நாள் வரை நன்றாகக் கேட்ட காது ஒரே இரவில் அடைத்துப்போனால் அது அவசரம். அழுக்கு என்று நினைத்து இரண்டு வாரம் காத்திருந்தால் மருந்து பயன்படும் காலம் போய்விடும். அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

எங்கே போவது

மஸ்ஜித் ஜாமெக் எல்.ஆர்.டி. நிலையத்தில் ஏறினால் நான்காவது நிலையம் தித்திவங்சா. அங்கிருந்து கோலாலம்பூர் மருத்துவமனை நடக்கிற தூரம். காது மூக்கு தொண்டைப் பிரிவு, நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவு, கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவு மூன்றும் அந்த ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கிள்ளான், பந்திங், கேரித் தீவுப் பக்கம் இருப்பவர்களுக்குக் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு பக்கம். பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்கு மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம்.

நேரே போய் நிபுணரைப் பார்க்க முடியாது. முதலில் கிளினிக் கெசிஹாத்தானில் காட்டிக் கடிதம் வாங்க வேண்டும். குடிமக்களுக்கு அங்கே 1 ரிங்கிட், அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட் என்பதே நீண்டகாலக் கட்டணம். தமிழ்நாட்டிலிருந்து வந்து கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்பவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம். அது பலமடங்கு அதிகம். அவர்கள் முதலாளியிடம் காப்புறுதி பற்றிக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

காதுக்குள் பார்த்தால் கட்டி தெரியாது. சி.டி. ஸ்கேனிலும் சிறிய கட்டி தப்பிவிடும். மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஒன்றுதான் உறுதியாகக் காட்டும். அரசாங்க மருத்துவமனையில் அதற்குக் காத்திருக்க வேண்டிவரும். மெதுவாக வளரும் கட்டி என்பதால் சில வாரக் காத்திருப்பு பெரும்பாலும் கெடுதல் செய்யாது. கடன் வாங்கித் தனியாரிடம் ஓடுவதற்கு முன், அவசரம் உண்டா என்று நிபுணரிடமே கேட்டுவிடலாம்.

மூன்று வழி

எம்.ஆர்.ஐ.யில் கட்டி என்று தெரிந்ததும் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி, "எப்போ எடுக்கலாம்?" என்பதுதான். எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. சும்மா விட்டுக் கண்காணிப்பது, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு என்று மூன்று வழிகள் இருக்கின்றன. கட்டியின் அளவு, வளரும் வேகம், நோயாளியின் வயது, அந்தக் காதில் மிச்சமிருக்கும் கேட்புத்திறன் ஆகியவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

அறுவை சிகிச்சை பழையது. 1917இல் அமெரிக்க நிபுணர் ஹார்வி குஷிங் இந்தக் கட்டிகளைப் பற்றித் தனிநூலே எழுதினார். அந்தக் காலத்தில் இந்த அறுவையில் உயிரிழப்பு அதிகம். 1960களில் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸ் நுண்ணோக்கி வைத்துச் செய்யத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. இப்போது உயிருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் மண்டை எலும்பைத் திறக்க வேண்டும், பல நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும், முக நரம்பு பாதிக்கப்பட்டால் வாய் ஒரு பக்கம் கோணும், கண் மூடாது. மூன்று சென்டிமீட்டரைத் தாண்டி மூளைத்தண்டை அழுத்தும் கட்டிக்கு இதைத் தவிர்க்க முடியாது. அங்கே கதிர்வீச்சைக் கேட்டு அடம்பிடிப்பதில் பொருளில்லை. கதிர்வீச்சு அழுத்தத்தை உடனே குறைக்காது.

சிறிய, நடுத்தர கட்டிகளில்தான் உண்மையான குழப்பம். உடனே கதிர்வீச்சு கொடுப்பதா, வளர்கிறதா என்று பார்த்துப் பிறகு கொடுப்பதா? நோர்வேயின் பெர்கன் நகர மருத்துவமனையில் இதை நேராகச் சோதித்தார்கள். 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டி உள்ள 100 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 50 பேருக்கு உடனே கதிர்வீச்சு கொடுத்தார்கள். மற்ற 50 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துக் கவனித்து வந்தார்கள். நான்கு ஆண்டு முடிவுகள் 2023இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தன. கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் தனுஷன் தயாளன்; பெயரைப் பார்த்ததும் நம் வாசகர்கள் ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்காரக் கூடும்.

முடிவு இதுதான். உடனே கதிர்வீச்சு பெற்றவர்களின் கட்டி சராசரியாக 13 விழுக்காடு சுருங்கியது. காத்திருந்தவர்களின் கட்டி சராசரியாக 51 விழுக்காடு பெருத்தது. காத்திருந்தவர்களில் சுமார் 40 விழுக்காட்டினருக்குப் பிறகு கதிர்வீச்சு தேவைப்பட்டது. இதை மட்டும் படித்தால் உடனே செய்துவிடுவதே மேல் என்று தோன்றும். ஆனால் கேட்புத்திறன், தலைச்சுற்றல், அன்றாட வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதாவது ஸ்கேன் படம் அழகாக இருந்தது, ஆள் உணர்ந்தது ஏறக்குறைய ஒன்றுதான். காத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு நான்கு ஆண்டில் எந்தச் சிகிச்சையும் தேவைப்படவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே 72 வயதில் 8 மில்லிமீட்டர் கட்டியோடு இருக்கும் பாட்டிக்கு ஆறு மாதம் கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ. எடுப்பதே போதுமான வைத்தியமாக இருக்கலாம். "டாக்டர் ஒண்ணுமே செய்யலை" என்று கோபப்பட வேண்டியதில்லை. 48 வயதுக்காரருக்குக் கட்டி ஒரே ஆண்டில் 3 மில்லிமீட்டர் வளர்ந்திருந்தால் கணக்கு வேறு. வாழ இன்னும் முப்பது, நாற்பது ஆண்டு இருக்கிறது.

கத்தி இல்லாத 'கத்தி'

இந்தக் கதிர்வீச்சு, புற்றுநோய்க்கு வாரக்கணக்கில் கொடுக்கும் கதிர்வீச்சைப் போன்றதல்ல. சுவீடனின் லார்ஸ் லெக்செல் என்ற மூளை அறுவை நிபுணர் 1951இல் ஒரு யோசனையை எழுதினார். மண்டையைத் திறக்காமல், பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை அனுப்பி, உள்ளே ஒரே புள்ளியில் சந்திக்கவைத்தால் என்ன? 1960களின் இறுதியில் ஸ்டாக்ஹோமில் அதற்கான கருவி வந்தது. அதன் பெயர் காமா நைஃப். 1969இல் செவி நரம்புக் கட்டி ஒன்றுக்கு முதன்முதலாக அதில் சிகிச்சை கொடுத்தார்கள்.

தைப்பூசத்தில் தேர்வடம் பிடிக்கும் ஒவ்வொருவர் கைவலுவும் சிறிதுதான், எல்லாம் தேரில் போய்ச் சேரும்போதுதான் தேர் நகர்கிறது. இதுவும் அப்படித்தான். புதிய காமா நைஃப் கருவியில் 192 கோபால்ட்-60 மூலங்கள் உண்டு. ஒவ்வொன்றின் கதிரும் மூளையைக் கடந்து போகும்போது பெரிய பாதிப்பு செய்யாத அளவுக்கு மெல்லியது. எல்லாம் கட்டியில் கூடும்போது அங்கே மட்டும் கனத்த அளவு கிடைக்கிறது. குறி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே பிசகும்.

கோபால்ட் இல்லாமல் மின்சாரத்தில் எக்ஸ்ரே கதிரை உண்டாக்கும் லீனியர் ஆக்ஸிலரேட்டர் இயந்திரத்திலும் இதைச் செய்யலாம். அதே வகையைச் சேர்ந்த சைபர் நைஃபில் இயந்திரக் கை ஒன்று தலையைச் சுற்றி வரும். எது சிறந்தது என்று கேட்டு அலைபவர்கள் உண்டு. நல்ல அனுபவம் உள்ள குழுவின் கையில் எல்லாமே கட்டியை ஏறக்குறைய ஒரே அளவில்தான் கட்டுப்படுத்துகின்றன. கருவியின் பெயரைவிட, அந்தக் குழு ஆண்டுக்கு எத்தனை செவி நரம்புக் கட்டிகளைப் பார்க்கிறது என்பதே கேட்கத் தகுந்த கேள்வி.

அன்றைய நாள் எப்படிப் போகும்? காமா நைஃப் என்றால் காலையில் தலையில் ஒரு உலோகச் சட்டத்தைப் பொருத்துவார்கள். நெற்றியில் இரண்டு, பின்தலையில் இரண்டு இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டுத் திருகு வைப்பார்கள். பலருக்கு அந்த நாளின் மோசமான நேரம் இந்த ஊசிதான். தலை அசைந்தால் குறி பிசகும் என்பதால் சட்டம். புதிய கருவிகளில் சட்டத்துக்குப் பதில் முகமூடி போடும் வசதியும் வந்துவிட்டது. பிறகு எம்.ஆர்.ஐ., அதை வைத்து மருத்துவரும் கதிர்வீச்சு இயற்பியலாளரும் கணினியில் திட்டம் போடுவார்கள். நோயாளி அதுவரை சும்மா இருப்பார். சிகிச்சை அரை மணியிலிருந்து ஒன்றிரண்டு மணி வரை ஆகலாம். வலி இல்லை, சூடு இல்லை, மயக்க மருந்து தேவையில்லை. அன்றே, அல்லது மறுநாள் வீட்டுக்கு.

வீட்டுக்கு வந்ததும் எழும் பயங்களுக்கும் பதில் சொல்லிவிடலாம். உடம்பில் கதிர் எதுவும் தங்காது. பேரப்பிள்ளையைத் தூக்கலாம், கர்ப்பிணி மருமகள் பக்கத்தில் உட்காரலாம். தனித் தட்டு, தனி டம்ளர் தேவையில்லை. இந்தச் சிகிச்சையில் முடி கொட்டுவது வழக்கமில்லை. திருகு வைத்த இடம் சில நாள் வலிக்கும், கொஞ்சம் அசதி இருக்கும். பெரும்பாலோர் ஒரு வாரத்துக்குள் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

எடுத்த எடுப்பில் சுருங்காது

இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் ஏமாறுகின்றன, அல்லது ஏமாந்துவிட்டதாக நினைக்கின்றன. கதிர் கட்டியைச் சுட்டுச் சாம்பலாக்காது. கட்டிச் செல்களின் மரபுப்பொருளைச் சேதப்படுத்தி, அவை மேலும் பிரியாதபடி செய்கிறது. கட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களையும் மெல்ல அடைத்துவிடுகிறது. மெதுவாகப் பிரியும் செல்கள் மெதுவாகத்தான் சாகும். எனவே இந்தச் சிகிச்சையில் வெற்றி என்பது கட்டி மறைவது அல்ல. அது வளராமல் நின்றுவிடுவதே வெற்றி. அந்தக் கணக்கில் 100 பேரில் 90க்கும் மேற்பட்டவர்களுக்கு அது நின்றுவிடுகிறது.

அதற்கு முன் ஒரு குழப்பம் வரும். சிகிச்சை முடிந்து ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் பலருக்குக் கட்டி முன்பைவிடக் கொஞ்சம் வீங்கித் தெரியும். அறிக்கையில் அளவு கூடியிருக்கும். வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும். பணம் வீண், பலிக்கவில்லை, உடனே வெட்டி எடுக்க வேண்டும் என்று முடிவு கட்டுவார்கள். அது பெரும்பாலும் கட்டி சாகத் தொடங்கியதன் வீக்கம். எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியின் நடுப்பகுதி கறுத்துப்போவதைக் கொண்டு நிபுணர்கள் இதை அடையாளம் காண்கிறார்கள். இரண்டு, மூன்று ஆண்டு கழித்து வீக்கம் வற்றிப் பழைய அளவுக்கோ அதற்கும் கீழோ வந்துவிடும். அதற்குள் அவசரப்பட்டு அறுவைக்குப் போனால், கதிர்பட்ட கட்டி முக நரம்போடு ஒட்டிக்கொண்டிருக்கக் கூடும் என்பதால் அறுவை மேலும் கடினமாகும். உண்மையிலேயே வளரும் கட்டியும் உண்டு. அதை ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது, தொடர்ச்சியாக எடுத்த படங்களை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது ஏமாற்றம் காது. போன கேட்புத்திறனைக் கதிர்வீச்சு திருப்பித் தராது. இரைச்சலையும் பெரும்பாலும் நிறுத்தாது. இருக்கும் கேட்புத்திறனைக் காப்பாற்றுமா என்றால், முதல் சில ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காப்பாற்றுகிறது. அதன் பிறகும் மெல்ல மெல்ல இறங்குகிறது. பத்து ஆண்டில் பாதிப்பேருக்கு மேல் அந்தக் காதில் பயன்படும் அளவு கேட்பதில்லை. கட்டியைச் சும்மா விட்டாலும் காது இறங்கவே செய்யும், அறுவையிலும் பலருக்கு அந்தக் காது போய்விடும். எந்த வழியில் போனாலும் அந்தக் காது ஒருநாள் போகலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும் மருத்துவர் நல்லவர். கேட்காத பக்கத்தின் ஒலியை நல்ல காதுக்கு அனுப்பும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் இரைச்சலுக்கு நடுவே பேரம் பேசிப் பிழைப்பவருக்கு ஒரு காதோடு வாழ்வது சின்ன விஷயமல்ல. ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதே தெரியாமல் போகும், பின்னால் வரும் மோட்டார்சைக்கிள் உட்பட.

மூன்றாவது, அளவு. 1980களில் கட்டியின் ஓரத்துக்கு 16 முதல் 20 கிரே வரை கதிர் கொடுத்தார்கள். கட்டி நின்றது, ஆனால் பலருக்கு முகம் கோணியது, கன்னம் மரத்தது. 1990களில் 12, 13 கிரேக்குக் குறைத்துப் பார்த்தார்கள். கட்டி அப்போதும் நின்றது, முக நரம்பு பெரும்பாலும் தப்பியது. இன்று முக நரம்பு பாதிக்கப்படுவது 100 பேரில் 1 அல்லது 2 பேருக்குத்தான். இணையத்தில் பழைய புள்ளிவிவரங்களைப் படித்துப் பயப்படுபவர்கள் அந்தக் கட்டுரையின் ஆண்டைப் பார்க்க வேண்டும். கட்டி சற்றுப் பெரிதாகவோ காது நன்றாகவோ இருந்தால், ஒரே நாளில் கொடுக்காமல் மூன்று, ஐந்து நாளாகவோ ஐந்தாறு வாரமாகவோ பிரித்துக் கொடுப்பதும் உண்டு.

"கதிர்வீச்சே புற்றுநோயைக் கொண்டுவராதா?" என்ற கேள்வி நியாயமானது. மிக அரிதாக நடந்திருக்கிறது, ஆயிரக்கணக்கானோரில் ஒருவர் என்ற அளவில். 70 வயதுக்காரர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 25 வயதுக்காரரிடமும் பரம்பரை வகை உள்ளவரிடமும் மருத்துவர் அதைத் தனியாகப் பேசுவார், பேச வேண்டும்.

பணமும் பாலிசியும்

சன்வே மருத்துவ மையம் போன்ற தனியார் மருத்துவமனைகளில் காமா நைஃப் உண்டு. செலவு பல்லாயிரம் ரிங்கிட். காப்புறுதி இருக்கிறதே என்று நம்புபவர்கள் இரண்டு இடத்தில் இடறுவார்கள்.

முதலாவது, கடும் நோய்க் காப்புறுதி. நம் நாட்டுக் காப்புறுதி நிறுவனங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் 36 கடும் நோய்கள் பட்டியலில் 'புற்றுநோயல்லாத மூளைக்கட்டி' என்று ஒன்று இருக்கிறது. முகவர் அதைக் காட்டித்தான் விற்றிருப்பார். அதன் வரையறையைக் கடைசி வரை படித்தால், சேராதவை என்ற பட்டியலில் செவி நரம்புக் கட்டி பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கும். மொத்தத் தொகை கைக்கு வரும் என்று எண்ணிக் கடன் வாங்கிவிடக் கூடாது.

இரண்டாவது, மருத்துவ அட்டை. அதில் வெளிநோயாளியாகப் பெறும் கதிர்வீச்சுக்கு இடமிருந்தாலும், பல அட்டைகளில் அது 'புற்றுநோய்க்கு' என்று எழுதப்பட்டிருக்கும். இது புற்றுநோயல்ல. எனவே சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனை மூலம் நோயின் பெயரையும் சிகிச்சையின் பெயரையும் எழுதி அனுப்பி, உத்தரவாதக் கடிதம் வருமா என்று எழுத்தில் பதில் வாங்க வேண்டும். முகவரின் வாய்வார்த்தை போதாது. மறுத்தால், அரசாங்க அல்லது பல்கலைக்கழக மருத்துவமனை வழியாகச் செய்யலாமா என்று நிபுணரிடமே கேட்கலாம். கட்டி மெதுவாக வளர்வதால் இப்படி விசாரிக்க அவகாசம் இருக்கிறது.

இந்தியாவுக்குப் போகலாம் என்று நினைப்பவர்களும் நிறைய. வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1949இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். சென்னை அப்பல்லோவில் சைபர் நைஃப் 2009இலிருந்து இருக்கிறது. திறமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதுபோல் தோன்றினாலும் கண்காணிப்பு ஒரு நாளில் முடிவதில்லை. ஆறு மாதத்தில், பிறகு ஆண்டுதோறும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று பத்து ஆண்டுக்கு மேல் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அந்தப் படங்களை இங்கே யார் பார்ப்பார் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது. வீக்கம் தெரியும் அந்த முதல் ஒன்றரை ஆண்டில், சிகிச்சையின் விவரமே தெரியாத ஒருவரிடம் படத்தை நீட்டினால் அவர் அறுவைக்கு அனுப்பிவிடலாம்.

எங்கே செய்தாலும் மூன்றை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்: சிகிச்சைக்கு முந்தைய எம்.ஆர்.ஐ. படங்கள் குறுந்தட்டில், கட்டிக்கு எத்தனை கிரே கொடுக்கப்பட்டது என்று எழுதிய அறிக்கை, சிகிச்சைக்கு முன் எடுத்த கேட்புத்திறன் தாள். அச்சடித்த அறிக்கை மட்டும் போதாது. அடுத்த மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து அளந்தால்தான் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் தெரியும்.